ஏழாவது பிரதிக்குப் பிறகு

நவம்பர் 17, திங்கள்

காலையில் சுவிட்சைப் போட்டதும் பழைய கணினி மூன்று முறை கூவிவிட்டு அடங்கிவிட்டது. மதர்போர்டு போய்விட்டது. பதினாறு வருடம் ஓடியிருக்கிறது, குறை சொல்வதற்கில்லை.

எங்கள் பிரெய்ல் அச்சகத்தில் மொத்தம் நான்கு பேர். மேலாளர் ஞானதுரை சார், கணினியையும் பிரிண்டரையும் பார்க்கும் நான், பிழை திருத்தும் செண்பகவல்லி டீச்சர், தாள் ஏற்றிக் கட்டுப் போடும் தங்கராசு அண்ணன். நால்வரில் பிரெய்லை விரலால் படிக்கக்கூடியவர் டீச்சர் மட்டும்தான். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நான் கண்ணால் படிப்பேன், மெதுவாக.

ஆறு பள்ளிகளின் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குக் கேள்வித்தாள் கையில் இருக்கிறது. நாற்பத்துமூன்று பிள்ளைகள், நாற்பத்துமூன்று பிரதிகள். டிசம்பர் முதல் வாரத்தில் தபாலில் போட வேண்டும். இந்த நேரம் பார்த்தா இது போக வேண்டும்?

நவம்பர் 19, புதன்

புதுக் கணினி வந்தது. தமிழைப் பிரெய்லாக மாற்றும் எங்கள் மென்பொருள் விண்டோஸ் 98-ஐத் தாண்டி எதிலும் ஓடாது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. அதனால் புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உருவாக்கினேன். திரையில் ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் விண்டோஸ் 98, தான் ஒரு தனிக் கணினி என்ற நினைப்பில் ஓடும். மாலைக்குள் மென்பொருளும் அதற்குள் ஏறிவிட்டது.

ஞானதுரை சார் எட்டிப் பார்த்து, பெட்டிக்குள் பெட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 20, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு முறை போனது.

பிரிண்டர் சீரியல் போர்ட் வழியாக மட்டும்தான் பேசும். அந்தப் பழைய சொருகு புதுக் கணினியில் இல்லை. யுஎஸ்பியில் மாட்டுகிற கன்வர்ட்டர் ஒன்றும் கேபிள் ஒன்றும் மெயின் ரோட்டுக் கடையில் வாங்கினேன். வெளியே உள்ள கணினி அதை ஐந்தாவது போர்ட் என்கிறது. உள்ளே ஓடும் மென்பொருளுக்கு முதல் போர்ட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. வெளியே ஐந்து, உள்ளே ஒன்று என்று இரண்டையும் கோத்துவிட மதியம் வரை ஆனது. ஆனால் பிரிண்டர் அசையவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

காரணம் தெரிந்தது. கணினி அனுப்பும் வேகத்துக்குப் பிரிண்டரால் தாளில் புள்ளி குத்த முடியாது. அதன் சின்ன நினைவகம் நிரம்பியதும், கொஞ்சம் பொறு என்று ஒரு தனிக் கம்பி வழியாகச் சொல்லும். இடம் வந்ததும், இனி அனுப்பு என்று சொல்லும். இதற்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். நான் வாங்கிய கேபிளில் மூன்றே கம்பிகள். அந்தத் தனிக் கம்பி அதில் இல்லை. ஹேண்ட்ஷேக்கைப் போட்டால், அனுப்பு என்ற சொல்லுக்காகக் கணினி காத்துக்கொண்டே நிற்கிறது.

முழுக் கம்பியும் உள்ள கேபிள் மதுரையிலிருந்து வர நாலைந்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். ஞானதுரை சார் இன்றைக்கே ஓடிக் காட்ட வேண்டும் என்றார். அச்சகத்தை நடத்தும் டிரஸ்ட் ஆட்கள் வருகிறார்களாம்.

ஹேண்ட்ஷேக்கை எடுத்துவிட்டேன். வேகத்தை வினாடிக்கு முந்நூறு பிட்டுக்குக் குறைத்தேன், எழுத்துக் கணக்கில் முப்பது. பிரிண்டர் வினாடிக்கு முப்பது எழுத்து குத்தும், நானும் முப்பதுதான் அனுப்புவேன், பொறு என்று சொல்ல அதற்கு அவசியமே வராது. ஓடியது. டீச்சர் முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது தம்பி என்றார். டிரஸ்ட் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தொடர்ந்து நூறு பக்கம் ஓட்டிப் பார்த்தாயிற்றா என்று சார் கேட்டார். பார்த்தாயிற்று என்று சொல்லப்பட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

கேள்வித்தாளின் பிரூஃப். டீச்சருக்கு ஒவ்வொரு பக்கமாகத்தான் வேண்டும். ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தால் அதைப் படித்து முடித்த பிறகு அடுத்தது. இரண்டு இடத்தில் என் தட்டச்சுப் பிழையைப் பிடித்தார். பதினோரு பக்கம், மாலை வரை ஆனது.

வீட்டுக்கு கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

நாற்பத்துமூன்று பிரதியும் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தேன். தங்கராசு அண்ணன் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண் போட்டுக் கட்டிவிட்டார். கேபிளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதுவே நன்றாக ஓடுகிறது.

டிசம்பர் 3, புதன்

ஆறு கட்டும் தபாலில் போய்விட்டன.

டிசம்பர் 16, செவ்வாய்

நேற்றுக் கணக்குப் பரீட்சை. காலை பத்து மணிக்கே முதல் போன். கேள்வியில் எண்கள் விட்டுப்போயிருக்கின்றன என்றார்கள். மதியத்துக்குள் ஆறு பள்ளியிலிருந்தும் பேசிவிட்டார்கள்.

ஒரு தலைமையாசிரியை சொன்னதை ஞானதுரை சார் எங்களிடம் சொன்னார். உருளையின் கன அளவு காணும் கணக்கு. உயரம் எவ்வளவு என்பது ஒரு பிள்ளையின் தாளில் இல்லை. தான்தான் சரியாகத் தடவவில்லை என்று நினைத்து அந்தப் பிள்ளை ஒரே வரியை முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கடைசியில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

சார் சொல்லும்போது நான் பிரிண்டரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, புதன்

பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஆள் மூலமாக ஒரு பிரதி வந்தது. சார் டீச்சரைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

டீச்சர் படித்தார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார். பிறகு ஒன்பதாம் பக்கத்தில். "ஆமா சார், இங்கன விட்டுப்போயிருக்கு" என்றார்.

பிரூஃபில் இதை எப்படி விட்டீர்கள் என்று சார் கேட்டார். சத்தம் போடவில்லை. டீச்சர் அந்த வரியை இன்னொரு தடவை தடவினார்.

"நான் படிக்கும்போது எல்லாம் இருந்த மாதிரிதான் இருந்துச்சு சார். ஆனா அடிச்சுச் சொல்ல முடியல. ஆறு வருசமா சுகர் இருக்கு. காலையில எந்திரிச்சா விரல் நுனி ஒரு மாதிரி மரத்துக் கெடக்கு. இந்தா சரியாப் போயிரும்னு இருந்துட்டேன்."

சார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், டிரஸ்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். டீச்சர் பையை எடுத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்லாயிருங்க தம்பி என்றார்.

பிரிண்டரில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று மாலையில் சார் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன். சுத்தமாக வந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

நாற்பத்துமூன்று பிரதியும் திரும்பி வந்துவிட்டன. ஜனவரியில் மறுபரீட்சையாம். பிரதிகளைக் கிடங்கில் வைக்கச் சொன்னார் சார். வைப்பதற்கு முன்னால் சும்மா எண்வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

முதல் ஏழு பிரதியில் ஒரு குறையும் இல்லை. எட்டாவதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு எண் இல்லை. பன்னிரண்டாவதில் அந்த எண் இருக்கிறது, வேறொரு பக்கத்தில் அரை வரி இல்லை. இருபதாவதில் இன்னோர் இடம். ஒன்றில் விட்டது இன்னொன்றில் விடவில்லை. பிரூஃபில் கவனிக்காமல் விட்டிருந்தால் நாற்பத்துமூன்றிலும் ஒரே இடத்தில் அல்லவா விட்டிருக்க வேண்டும்.

ஒரு பக்கம் முடிந்து தாள் நகர இரண்டு வினாடி ஆகும். அந்த இரண்டு வினாடி என் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, ஏழு பிரதி தாண்டும்போது நினைவகம் நிரம்பியிருக்கும். அதன் பிறகு வந்த எழுத்துகளுக்கு இடமில்லை. பொறு என்று பிரிண்டர் சொல்லியிருக்கும். கேட்பதற்குத்தான் கம்பி இல்லை.

டீச்சர் படித்த பிரூஃப் பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். அதில் எல்லாம் இருக்கிறது.

மேசையில் இடமில்லாததால் பிரூஃபை என் இழுப்பறையில் வைத்தேன்.

டிசம்பர் 20, சனி

முழுக் கம்பி உள்ள கேபிளுக்கு என் பெயரில் சொல்லிவிட்டேன். வீட்டில் என் மனைவி முத்துச்செல்வி பணியாரம் சுட்டிருந்தாள். இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 22, திங்கள்

டீச்சர் போன் செய்தார். நரம்பு டாக்டரிடம் விரலைக் காட்ட வேண்டும், தங்கச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் கூட வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாலையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குழி வரும் இடமெல்லாம் சொன்னேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார், தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். தெரியுது, தெரியுது என்றார் டீச்சர். பிறகு டாக்டர் தொடாமலே கேட்டார். அப்போதும் டீச்சர், தெரியுது என்றார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஆரம்பம் என்றும் சொல்லலாம், ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது டீச்சரே பேச்செடுத்தார். "தொடாமலே தொட்டாருன்னு சொல்லிட்டேன், இல்லையா தம்பி? நீங்க மூச்சு விட்டதுலயே தெரிஞ்சுட்டு. இனிமே இந்த விரல நம்பி ஒண்ணும் படிக்கக் கூடாது. பரவால்ல, ரேடியோ இருக்குல்லா."

சொல்வதற்கு வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

டிசம்பர் 23, செவ்வாய்

கேபிள் வந்தது. மாட்டினேன். உள்ளேயும் வெளியேயும் ஹேண்ட்ஷேக்கைப் போட்டேன். இருநூறு பக்கம் ஓட்டிப் பார்த்தேன். நிஜமாகவே ஓட்டினேன். ஒரு புள்ளி விடவில்லை.

மறுபரீட்சைத் தாளின் பிரூஃபை நானே கண்ணால் பார்க்கப் போகிறேன்.

டிசம்பர் 24, புதன்

டீச்சர் விஷயமாக சார் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினார். 'பிழை திருத்துபவரின் உடல்நலக் குறைவு காரணமாக' என்று இருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

மதியம் டீச்சரின் தங்கை அன்னபாக்கியம் ஒரு ஆட்டோவில் வந்தாள். ஆட்டோ நிறையப் புத்தகங்கள், எல்லாம் பிரெய்ல். டீச்சர் இருபது வருடமாகச் சேர்த்தவை. இங்கே வந்து பிரெய்ல் கேட்கிறவர்கள் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

நானும் தங்கராசு அண்ணனும் இறக்கி வைத்தோம். முப்பத்தொரு கட்டு. எண்ணி முடித்ததும் அன்னபாக்கியம் கிளம்பவில்லை. அக்கா கேள்வித்தாள் விஷயத்துக்குப் பிறகு ஒரு எழுத்துகூடத் தொடவில்லை என்று சொன்னாள். சோறு பிசையும்போதுகூட விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாராம். "வேலை போனாப் போகுது, எப்படியும் பொழச்சுக்கிடலாம். இவ இப்படி இருக்கதத்தான் பாக்க முடியல" என்றாள்.

இரவு நான் சாப்பிடவில்லை. முத்துச்செல்வி கேட்டாள். இந்தத் தடவை அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நீங்க கூடப் போனீங்களா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 27, சனி

காலையில் சாரிடம் சொன்னேன். பிரூஃபையும், எட்டாவது, பன்னிரண்டாவது பிரதிகளையும் மேசையில் விரித்துக் காட்டினேன். சாருக்குப் பிரெய்ல் தெரியாது. ஆனாலும் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், புரிந்துவிட்டது.

எப்போதிலிருந்து தெரியும் என்றார். எட்டு நாளாக என்றேன். ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடிதம் போய்விட்டது, இனி மாற்றி எழுதினால் ஆறு பள்ளியும் நம்மைத் தேடி வராது என்றார். டீச்சரை ஒரு மாதம் கழித்து, உடம்பு தேறிவிட்டது என்று கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். என்னை வேலையை விட்டு அனுப்புங்கள் சார் என்றேன்.

"ஒன்ன அனுப்பிட்டு அந்த மிஷின யாரு ஓட்டுவா? பேசாம போய் வேலையப் பாரு வேல்மயிலு."

போய் வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போல. டீச்சரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. என்னை அனுப்ப முடியவில்லை. அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

பிரூஃபையும் எல்லாப் பிரதிகளையும் இரண்டு பையில் போட்டு எடுத்துக்கொண்டு காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போனேன். சாரிடம் கேட்கவில்லை.

அன்னபாக்கியம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும், டீ போடச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். கேபிள், ஹேண்ட்ஷேக், ஓட்டிப் பார்க்காமல் விட்டது, கண்டுபிடித்த நாள், இழுப்பறை. எதையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் டீச்சர் கையை நீட்டி, பிரூஃபக் குடுங்க என்றார்.

பதினோரு பக்கத்தையும் மடியில் வைத்துப் படித்தார். முதலில் மிக மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை. நான்காம் பக்கத்துக்குப் பிறகு கை பழைய வேகத்துக்கு வந்தது. எல்லாம் இருக்கு என்றார். அடுத்தது எட்டாவதைக் கேட்டார்.

"மூணாம் பக்கம், ஏழாவது கேள்வி, ரெண்டாவது எண் இல்ல. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு, பதினேழு, இருபது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் கண்ணால் பார்த்தபோது தவறவிட்ட இடங்களையும் பிடித்தார். முப்பத்துமூன்றாவது பிரதியில் உருளையின் உயரம் இல்லை. அந்த வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அன்னபாக்கியம் ஈரக் கையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாடமாகிவிட்ட கேள்விகள் என்பதால் விரல் வேகமாக ஓடியது, ஆனாலும் நாற்பத்துமூன்றும் முடிய இரவு ஒன்பது மணி ஆனது. அறுபத்தெட்டு இடங்கள்.

டீச்சர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம்லா. அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"தொடாமலே தெரியுதுன்னு சொன்னேன். அப்பவும் பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா டீச்சர்."

தலையை அசைத்தார். "சரி. போயிட்டு வாங்க" என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன். அன்னபாக்கியம் பைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

தலைவலி. வேலை ஓடவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

பதினோரு மணிக்கு டீச்சர் தங்கையோடு வந்தார். நேராக சாரின் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

வேலைக்குத் திரும்ப வரத் தயார் என்றார். ஆனால் கடிதம் ஒன்று போக வேண்டும் என்றார். சார் நிம்மதியாக, ஆறு தலைமையாசிரியர்களுக்கும் பதமாக ஒன்று எழுதிவிடலாம் என்றார்.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சார். நான் சொல்லுறது அந்தப் பிள்ளைகளுக்கு. நாப்பத்துமூணு பேருக்கும் தனித்தனியா, பிரெய்ல்ல. அதுகளும் அதுக விரலத்தான சந்தேகப்பட்டிருக்கும்? நான் பத்து நாள் பட்டேன். அந்தப் பிள்ள முக்கா மணி நேரம் உக்காந்து பட்டிருக்கா. ஒங்க மேல தப்பில்லன்னு அதுகளுக்கு யாரு சொல்லுவா?"

பள்ளிகளின் வேலை போய்விடும் என்று சார் இழுத்தார். போகட்டும் என்றார் டீச்சர். கடிதம் போகாவிட்டால் அறுபத்தெட்டு இடத்தையும் எழுதி, தானே ஆறு பள்ளிக்கும் அனுப்புவேன் என்றும் சொன்னார். சார் என்னைப் பார்த்தார். என் பெயரில் எழுதுகிறேன் சார் என்றேன்.

ஜனவரி 3, சனி

கடிதத்தை எழுத ஒரு நாள் முழுக்க ஆனது. எட்டே வரிகள். பிரூஃப் எடுத்து டீச்சர் மேசையில் வைத்தேன். நேற்றிலிருந்து வேலை சம்பந்தமாக மட்டும்தான் என்னிடம் பேசுகிறார். தம்பி என்று கூப்பிடுவதில்லை.

படித்துவிட்டு, நான்காவது வரியில் ஒரு பிழை என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 'அச்சகத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அது பிறகுதான் தெரிய வந்தது' என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. எது டீச்சர் என்று கேட்டேன்.

"நேரல. நீங்க செஞ்சது. தெரிய வரவும் இல்ல. தெரிஞ்சு மறச்சிருக்கீங்க. மாத்திக் கொண்டாங்க."

மேசைக்குத் திரும்பி வந்து திருத்தினேன். 'நான் தவறு செய்தேன். அது தெரிந்த பிறகும் மறைத்தேன்.' தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி பிரூஃப் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் என் பெயர் இருக்கும் வரி வரை விரலை ஓட்டிவிட்டு, சரி, ஓட்டுங்க என்றார்.

நாற்பத்துமூன்று பிரதி ஓடியது. டீச்சர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் படித்த பிறகுதான் உறைக்குள் போட விட்டார்.